முதல் கொமிற்றுக்கு முந்திய ஒன்றரை மணி நேரம்

போன கிழமை, மென்பொருள் எழுதப் பழகும் உங்களோடு கதைக்க வந்தபோது உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "அங்கிள், ஒரு புது றெப்போ தொடங்க உங்கட காலத்திலை எவ்வளவு நேரம் எடுத்தது?" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு, "உங்களுக்கு எடுக்கிற அதே ஒரு நிமிஷம்தான்" என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் கேட்கவில்லை. எனக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் எடுத்தது. அதனால் ஒரு மனிதர் இன்றைக்கும் நொண்டி நடக்கிறார். ஒரு பிள்ளையின் வேலையும் பெயரும் போகப் பார்த்தன. அதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது சரியல்ல.

அப்போது நான் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், பிறம்ரனில் ஒரு சிறிய கம்பனியில் இருந்தேன். லொறி ஓட்டும் கம்பனிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். மொத்தம் ஆறு பேர். எந்தச் சாரதி எந்த லோட்டை எப்போது எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதை எங்கள் புரோகிராம்தான் சொல்லும். சாரதி காலையில் வந்து திரையைப் பார்ப்பார். போ என்றால் போவார், நில் என்றால் நிற்பார்.

அந்த ஆறு பேரில் என்னைத் தவிர இன்னுமொரு தமிழ் ஆள் இருந்தாள். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவள். சிறு வயதில் ரொறன்ரோவுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுண் மாடி வீடொன்றில் வளர்ந்தவள். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள், எழுதவில்லை. இருவரும் வெக்ஸ்போர்ட்டில் குடியிருந்ததால் ஒரே காரில் வேலைக்குப் போய்வந்தோம். நான் ஓட்டுவேன். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் நெரிசல் கூடினால் அவள் பாட்டைக் குறைத்துவிட்டு, "அண்ணை, இண்டைக்கும் லேற்தான்" என்பாள். மத்தியானத்தில் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் முதலில் என் பக்கம் தள்ளுவாள். நான் கொண்டுபோகும் பாண் துண்டைப் பார்த்து அவளுக்கு இரக்கம்.

அந்த நாளில் எங்கள் வேலை எல்லாம் ஒரு பழைய சேர்வரில், ஒரே ஒரு பொதுக் கோப்புறையில் கிடந்தது. யார் எதை மாற்றினார் என்று பார்க்க வழியில்லை. புதிதாக வந்த மனேஜர் தலையில் கை வைத்துவிட்டு, எல்லாவற்றையும், மாற்றங்களுக்குக் கணக்கு வைக்கும் கிற்றுக்குக் கொண்டுபோகும் பொறுப்பை என்னிடம் தந்தார். வயதில் மூத்தவன், கவனமானவன் என்று நம்பினார்.

அது எத்தனை கட்டளை என்று உங்களுக்குத் தெரியும். இந்தத் தொழிலுக்கு இன்னும் வராதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். கறுத்த திரையில் 'கிற் இனிற்' என்று அடித்தால் அந்தக் கோப்புறை ஒரு றெப்போ, அதாவது மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பெட்டகம், ஆகிவிடும். ஆனால் அதற்கு இன்னும் எதுவும் ஞாபகம் இல்லை. கோப்புகளைச் சேர்த்து, கொமிற் என்கிற முதல் பதிவைப் போட்ட பிறகுதான் அது ஞாபகம் வைக்கத் தொடங்கும். அதன் பின்னர் ஒரு எழுத்தை மாற்றினாலும் யார், எப்போது என்று காட்டிக்கொடுக்கும். அதற்கு முன்னால் நடந்த எதையும் அது அறியாது. இந்த இடைவெளிதான் என் கதை.

புரட்டாதி மாதம், ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் இரண்டரை தாண்டியிருக்கும். 'இனிற்' அடித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து மனைவி போன் எடுத்தாள். காலையில் தேநீர் குடிக்கும்போது, இன்றைக்கு ஒரு புது வேலை தொடங்குகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

"தொடங்கிட்டியளோ?"

"இப்பத்தான். இன்னும் முதல் கொமிற் போடேல்லை."

"அப்ப நில்லுங்கோ. ரெண்டே முக்காலுக்கு ராகுகாலம் தொடங்குது. நாலேகாலுக்குப் பிறகு போடுங்கோ. கலண்டரிலை ரொறன்ரோ நேரந்தான் போட்டிருக்கு, பாத்திட்டுத்தான் சொல்லுறன்."

நான் சாத்திரத்தை நம்புகிறவன் அல்ல. ஆனால் மனைவி நம்புகிறவள், நான் மனைவியை நம்புகிறவன். வீடு வாங்கினதும் கார் எடுத்ததும் அந்தத் தமிழ்க்கடைக் கலண்டரைப் பார்த்துத்தான். ஒன்றரை மணி நேரம் பொறுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

பொறுத்ததில் பிழை இல்லை. கையைக் கட்டிக்கொண்டு பொறுக்கவில்லை என்பதுதான் பிழை. குடிபுகுமுன் வீடு கூட்டுவதில்லையா, அப்படித்தான் நினைத்தேன். முதல் கொமிற் என்பது என்றைக்கும் இருக்கப்போவது, கோப்புகள் துப்புரவாக இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகத் திறந்தேன். தேவையில்லாத வெற்று வரிகளை எடுத்தேன். பழைய குறிப்புகளை அழித்தேன். கை சூடேறினால் நிற்காது என்பது உங்களுக்கும் தெரியும். நாற்பது இடத்திலாவது கை வைத்திருப்பேன்.

அப்படி வந்த ஒரு கோப்பு அவள் எழுதியது. சாரதிக்கு லோட் கொடுக்குமுன் அவர் போதிய ஓய்வு எடுத்தாரா என்று பார்க்கும் பகுதி. அதை அவள் இரண்டு தரம் பார்த்திருந்தாள். ஒன்று, அட்டவணையில் எழுதியுள்ள நேரப்படி. இருபது வரி தள்ளி இன்னொன்று, உண்மையில் லொறி ஓடிய நேரப்படி. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத் தெரிந்தது. இளம் பிள்ளை, பயத்தில் ஒன்றுக்கு இரண்டாக எழுதி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும், அந்த நினைப்பில் ஒரு சின்ன ஏளனமும் இருந்தது. இரண்டாவது கேள்வி மூன்றே வரி. மூன்றையும் அழித்தேன்.

அவள் இரண்டு மேசை தள்ளித்தான் இருந்தாள். எழும்பிப் போய், "பிள்ளை, இது ஏன்?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நாலேகால் தாண்டியதும், நல்ல நேரத்தில், என் பெயரில் முதல் கொமிற் விழுந்தது. பழைய சேர்வர் இரண்டு கிழமையில் துடைத்து அனுப்பப்பட்டது.

மூன்று மாதத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. தை மாதம் காய்ச்சல் காலம் வந்தது. ஒரு சாரதி படுத்துவிட, இன்னொருவர் அவருடைய ஓட்டத்தையும் எடுத்து ஓடினார். அட்டவணைப்படி பார்த்தால் அந்த இன்னொருவர் வீட்டில் ஓய்வு எடுத்த ஆள். உண்மையில் அவர் சக்கரத்தைப் பிடித்தபடி இருந்த ஆள். எங்கள் புரோகிராம் அட்டவணையை மட்டும் பார்த்தது. அடுத்த லோட்டையும் அவருக்கே கொடுத்தது. விடியற்காலையில் அவர் கண்ணயர்ந்து, லொறி வீதியை விட்டு இறங்கிக் கவிழ்ந்தது. உயிர் தப்பினார். ஒரு கால் பல இடத்தில் முறிந்தது.

புதன்கிழமை மனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். திரையில் அந்தக் கோப்பு. எழுதியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். என் பெயர் முதல் கொமிற்றில் இருந்தாலும் நான் தூக்கி வைத்தவன் மட்டுமே என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள்.

"நான் ரெண்டு இடத்திலை செக் பண்ணினனான்" என்றாள் அவள். மனேஜருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். "அண்ணை, நீங்கள்தானே எல்லாத்தையும் கொண்டுவந்து வைச்சனீங்கள். ரெண்டாவது செக் இருந்ததெல்லோ?"

"எனக்கு ஞாபகம் இல்லைப் பிள்ளை" என்றேன். அன்றைக்கு அது பொய் அல்ல. நாற்பது இடத்தில் கை வைத்தவனுக்கு எந்த மூன்று வரி என்று ஞாபகம் இருக்கவில்லை.

மனேஜர் கெட்டவர் அல்ல. வாடிக்கைக் கம்பனி பதில் கேட்கிறது என்றார். அவளுடைய பேச்சைத் தவிர வேறு ஆதாரம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். இல்லாவிட்டால் திங்கட்கிழமைக் கூட்டத்தோடு அவள் போக வேண்டியிருக்கும். ஒரு மனிதரின் காலை முறித்த புரோகிராமை எழுதியவள் என்ற பெயரோடு போனால், இந்தத் தொழிலில் அவளை வேறு யார் எடுப்பார்கள்?

எங்கள் ஆட்கள் ஒரு கடுதாசியையும் எறியமாட்டார்கள். அகதி வழக்குக் காலத்தில், ஒரு துண்டு குறைந்ததால் ஒருவனுக்கு என்ன நடக்கும் என்று கண்ணால் கண்டவர்கள் நாங்கள். வீட்டு அலுமாரியில் எனக்கு ஒரு மண்ணிறப் பை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், வந்திறங்கிய நாள் பத்திரம், ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி. பழைய சேர்வரைத் துடைக்கப் போகிறார்கள் என்றதும், கம்பனி விதியையும் மீறி, அந்தக் கோப்புறையைச் சின்ன யூஎஸ்பி ஒன்றில் இறக்கி அந்தப் பைக்குள் போட்டிருந்தேன். போட்டதையும் மறந்துவிட்டேன். வியாழக்கிழமை பின்னேரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஞாபகம் வந்தது.

கம்பனி லப்ரொப்பில் அவளுடைய கோப்பின் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். அழிந்ததைக் காட்டும் சிவப்பு நிறத்தில் மூன்று வரி. அவள் எழுதியிருந்தாள். நான் அழித்திருந்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறியள்?"

"ஒண்டுமில்லை."

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்குக் கூச்சமான பகுதி. வரியை அழித்தது அறியாமை. இது அறிந்து செய்தது. அந்த யூஎஸ்பி இருப்பது உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அந்த வரிகளை எழுதியவள் இளம் பிள்ளை, எங்காவது எழும்பிவிடுவாள், நான் விழுந்தால் எழும்பமாட்டேன் என்று இரவு முழுக்க எனக்கு நானே வழக்காடினேன். காலையில் யூஎஸ்பியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு காரை எடுத்தேன். சொல்வதற்காகவா எறிவதற்காகவா என்று என்னைக் கேட்டிருந்தால் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது.

அவளை வழமையாக ஏற்றும் கோப்பிக்கடை வாசலில் அவள் பனிக்குள் நின்றாள். ஏறினாள். அன்றைக்குப் பாட்டுப் போடவில்லை. மத்தியானம் பெட்டியைத் திறந்து, புட்டும் மீன்குழம்பும், வழமைபோல என் பக்கம் தள்ளினாள். "எனக்குச் செமிக்காது அண்ணை, நீங்கள் சாப்பிடுங்கோ" என்றாள். நான் சாப்பிட்டேன். அந்தப் புட்டை எப்படி விழுங்கினேன் என்று இன்றைக்கும் யோசிப்பேன். அவள் பின்னேரம் தன் மேசை லாச்சியைத் துப்புரவாக்கி, சாமான்களை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் திரும்பக் காரில் ஏறினாள்.

நானூற்றொன்றில் வண்டிகள் ஊர்ந்தன. அவள் அந்தப் பெட்டியின் மூடியை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"பிள்ளை, அந்த மூண்டு வரியை அழிச்சது நான்தான்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ராகுகாலம், துப்புரவு, மண்ணிறப் பை, கோட்டுப் பைக்குள் இருந்தது, எல்லாம்.

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"நேற்றுப் பின்னேரம்."

"அப்ப காலமை நான் ஏறேக்கை தெரியும்."

"ஓம்."

"மத்தியானம் புட்டுத் தரேக்கையும் தெரியும்."

"ஓம் பிள்ளை."

அழுவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அடுத்த எக்ஸிற்றிலை எடுங்கோ. திரும்பிப் போவம்."

"திங்கட்கிழமை மீற்றிங்கிலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன், சத்தியமா."

"சீரியஸ்லி, அண்ணை? திங்கட்கிழமை மட்டும் உங்கட மனம் மாறாதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அது எனக்கே தெரியாது. எக்ஸிற்றில் இறங்கித் திருப்பினேன்.

மனேஜர் இன்னும் போகவில்லை, அவருடைய அறையில் வெளிச்சம் இருந்தது. நான் அந்தப் பக்கம் நடக்க, அவள் என் மேசையைக் காட்டினாள்.

"அவரிட்டைப் பிறகு போகலாம். முதல் றெப்போவிலை எழுதுங்கோ. மனுசர் இண்டைக்கு ஒண்டு சொல்லுவினம், நாளைக்கு ஒண்டு சொல்லுவினம்."

போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தேன். மூன்று வரியையும் திரும்ப வைத்தேன். கொமிற்றுக்கான குறிப்பில் நேராக எழுதினேன். இந்த வரிகளை எழுதியது இன்னார். முதல் கொமிற்றுக்கு முன், அவரைக் கேட்காமல், எந்தப் பதிவும் இல்லாமல் அழித்தது நான். அழித்தது பிழை. அவள் பெயரையும் என் பெயரையும் முழுதாக எழுதினேன். அவள் என் பின்னால் நின்று ஒவ்வொரு சொல்லையும் வாசித்தாள். பிறகு, "போடுங்கோ" என்றாள்.

மனேஜர் அதை இரண்டு தரம் வாசித்தார். யூஎஸ்பியை வாங்கிக்கொண்டார். முதலில் அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். பிறகு அலுவலக வாசலைத் திறக்கும் என் அட்டையை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். அன்றைக்கு அவள் என்னோடு வரவில்லை. தை மாதத்தில் பிறம்ரனிலிருந்து வெக்ஸ்போர்ட்டுக்கு பஸ் மாறி மாறி வருவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். பெட்டியை மேசையில் திரும்ப வைத்துவிட்டு, அவள் பஸ்ஸில் போனாள்.

அன்று வீட்டில் மனைவிக்கும் சொன்னேன். உன்ரை ராகுகாலத்தால் வந்த வினை என்று ஒரு சொல் வாயில் வந்துவிட்டது. அவள் என்னை நேரே பார்த்தாள். "நான் கொமிற்றைத்தானே நிப்பாட்டச் சொன்னனான். மற்றவையின்ரை வேலையிலை கை வைக்கச் சொல்லி ஆர் சொன்னது?"

ஆனால் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை, சில கிழமையில் அட்டையைத் திருப்பித் தந்தார்கள். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொறுப்பு எல்லாம் அந்தப் பிள்ளையிடம் போனது. அடுத்த ஏழு வருடம் நான் அவளுக்குக் கீழே வேலை செய்தேன். இந்தத் தொழிலை உண்மையில் கற்றது அந்த ஏழு வருடத்தில்தான். புது றெப்போ தொடங்கும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று வைத்தாள். ஒருவர் அடிக்க, மற்றவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். 'இனிற்' தொடக்கம் முதல் கொமிற் வரைக்கும் ஒருவரும் ஒரு கோப்பையும் திறக்கக் கூடாது. குப்பை என்றாலும் உள்ளது உள்ளபடி போக வேண்டும். துப்புரவு வேலை இரண்டாவது கொமிற்றில், செய்தவர் பெயரோடு. இதை ஏன் வைத்தாள் என்று புதிதாக வந்தவர்களுக்கு அவள் ஒருநாளும் சொல்லவில்லை. அந்த நேரங்களில் நான் குனிந்து என் வேலையைப் பார்ப்பேன். ஏழு வருடத்தில் ஒரு புது றெப்போவும் என் கையில் தரப்படவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வருடம் சித்திரை மாதத்தில் ஒருநாள் காலை அவள் அந்தக் கோப்பிக்கடை வாசலில் நின்றாள். காரை நிறுத்தினேன். ஏறினாள். "லேற்தான் அண்ணை" என்றாள். அதற்குப் பிறகு பழையபடி ஒன்றாகத்தான் போய்வந்தோம், பாட்டும் போட்டாள். ஆனால் மத்தியானத்தில் சாப்பாட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளவில்லை. நான் அதற்கு உரியவன் அல்ல என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சாரதியையும் பார்த்தேன். விபத்து வழக்கு விஷயமெல்லாம் முடியும்வரை போகக் கூடாது என்றிருந்தது. முடிந்த பிறகு போனேன். இனி லொறி ஓட்ட முடியாது என்பதால் அவர் ஒரு களஞ்சியத்தின் கேற்றில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து வண்டிகளைப் பதிந்துகொண்டிருந்தார். நான் யார், என்ன செய்தேன் என்று சொன்னேன். பக்கத்தில் ஒரு கைத்தடி சாய்ந்திருந்தது. அவர் பேனையைக் கீழே வைத்தார். தனக்கு அன்றைக்கு நித்திரை வந்துகொண்டிருந்தது என்றும், ஆனால் திரை போ என்று சொன்னதால், தன்னைவிடத் திரைக்குத் தெரியும் என்று நினைத்ததாகவும் ஆங்கிலத்தில் சொன்னார். அதற்குள் அடுத்த லொறி வந்துவிட்டது. அவர் தடியை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இப்படி ஒருவர் திரையை நம்பி நிற்கிறார். பக்கத்து மேசைக்காரர் ஒரு கேள்வியை இரண்டு தரம் கேட்டு எழுதியிருந்தால், முதலில் எழும்பிப் போய் அவரைக் கேளுங்கள். பிழை விடாமல் இந்தத் தொழிலில் ஒருவரும் இருந்ததில்லை. நான் வெட்கப்படுவது அந்த மூன்று வரிக்காக அல்ல, அந்த வெள்ளிக்கிழமைப் பகலுக்காக.

என் கடைசி வேலைநாளும் ஒரு வெள்ளிக்கிழமைதான். பங்குனி மாதம், பன்னிரண்டு மணி ஆகியிருக்கும். அவள் என் மேசைக்கு வந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"அண்ணை, புது வேலை ஒண்டு தொடங்குறம். றெப்போவை நீங்கள் போடுங்கோ. நான் பக்கத்திலை இருக்கிறன்."

கறுத்த திரையைத் திறந்தேன். அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமையெல்லோ? இப்ப ராகுகாலமா இருக்குமே. அக்கா ஏசமாட்டாவோ?"

"ஓம், ராகுகாலந்தான். காத்திருந்தா கை சும்மா இராது. அதுதான் பிள்ளை, இப்பவே போடுறன்."

மூன்று கட்டளைகள். ஒரு கோப்பையும் திறக்கவில்லை. ஒரு நிமிஷமும் எடுக்கவில்லை. அவள் திரையைப் பார்த்து முடித்துத் தலையை ஆட்டினாள். எழும்பிப் போனவள் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு திரும்பி வந்து, மூடியைத் திறந்து என் பக்கம் தள்ளினாள்.

"புட்டுத்தான். சாப்பிடுங்கோ அண்ணை" என்றாள்.